ரெண்டு ஊர்ல பேரு, குடியிருக்கிறது மூணாவது ஊர்ல

கேள்வி: ஐயா, எனக்குப் பொறந்த ஊர் கொடுமுடிப் பக்கம். கட்டிக்கிட்டுப் போனது வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக்கு. ஏழு வருசமா நானும் வீட்டுக்காரரும் திருப்பூர் அங்கேரிபாளையத்துல வாடகைக்கு இருக்கறோம். அவரு பனியன் கம்பெனியில கட்டிங், நான் செக்கிங். ஓட்டர் லிஸ்ட்டைத் திருத்தறதுக்கு எஸ்.ஐ.ஆர். ஃபாரம் வீடு வீடாக் குடுத்தப்ப, மாமனார் எனக்கும் சேர்த்து வெள்ளகோவில்ல கையெழுத்துப் போட்டுட்டாரு. அங்க கொடுமுடியில எங்கண்ணனும் எம் பேருக்கு ஒரு ஃபாரம் போட்டுக் குடுத்துட்டாரு. இப்ப ரெண்டு ஊர் லிஸ்ட்லயும் எம் பேரு இருக்குது, இருக்கற ஊர்ல இல்லை. திருப்பூருக்கு மாத்தோணும்னு சொன்னா மாமனார் வேண்டாங்கறாரு. பேரை எடுத்துட்டா ஊர்ல நமக்கு என்ன பாத்தியதை இருக்குதுங்கறாரு. பஞ்சாயத்து எலக்சன்ல எங்க வார்டு பொம்பளைகளுக்கு வந்தா என்னை நிறுத்தோணும்னும் நெனக்கறாரு. இங்க வீட்டு ஓனர் அக்ரிமெண்ட் எழுதித் தரமாட்டேங்கறாரு. பொண்ணு கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல படிக்கறா, ஆகஸ்ட் 19-ந் தேதி பதினெட்டு முடியுது. எங்க லைன் வீட்டுல இருக்கற ஒடிசாக்காரக் குடும்பமும் ஓட்டு எழுதலாமான்னு கேக்கறாங்க. ரெண்டு பக்கம் பேரு இருந்தா ஜெயில்னு கம்பெனியில சொல்றாங்க. நான் என்ன பண்ணோணுங்க?
வாசகி, திருப்பூர்

பதில்: அம்மிணி, ஜெயில் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அந்த இரண்டு படிவத்திலும் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று இருப்பது உண்மைதான். அது பொய்யென்று தெரிந்தே எழுதிக் கொடுப்பவருக்கு. வீட்டில் வயதுக்கு வந்த ஒருவர் மற்றவருக்காகக் கையெழுத்திடலாம் என்று அந்தத் திருத்தத்தின்போது அனுமதியும் இருந்தது. மாமனாரும் அண்ணனும் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இன்றைக்கு விசயம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி நீங்கள் கையெழுத்திடும் காகிதத்துக்கு நீங்களே பொறுப்பு. அதனால் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். திருப்பூரில் யாராவது "பழசெல்லாம் கிடக்கட்டும், புதுசா எழுதிக்கலாம்" என்று படிவம் 6-ஐ நீட்டினால் வாங்காதீர்கள். அது முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கானது. வேறெந்தத் தொகுதியிலும் என் பெயர் இல்லை என்று அதில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டால் மூன்றாவது ஊரிலும் பெயர் ஏறும். அந்த 31-ஆவது பிரிவும் அப்போதுதான் உங்கள் பக்கம் திரும்பும்.

ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்க வேண்டும் என்கிறது 17-ஆவது பிரிவு. வெள்ளகோவில் காங்கேயம் தொகுதியில் வருகிறது, கொடுமுடி மொடக்குறிச்சியில், நீங்கள் குடியிருக்கும் இடம் திருப்பூர் வடக்கில். மூன்றில் எது உங்களுக்கு உரியது என்பதை மாமனாரோ அண்ணனோ தீர்மானிக்க முடியாது. நீங்களே நினைத்தாலும் பிடித்த ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாது. சாதாரணமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான் என்று 19, 20-ஆவது பிரிவுகள் சொல்கின்றன. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவராக ஆகிவிடமாட்டார் என்று 20-ஆவது பிரிவு தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. தோட்டத்துச் சாளையும், பூட்டி வைத்த அறையும், பொங்கலுக்குப் போய் வருவதும் குடியிருப்பாகாது.

இந்த இடத்தில்தான் நம் பக்கத்து ஜனங்களுக்குக் குழப்பம் வருகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆழ்துளைக் கிணறு போட வண்டியோடு வடக்கே போனால் எட்டு மாசம் கழித்துத்தான் வருவார். பெண்டாட்டி பிள்ளைகள் திருச்செங்கோட்டில். அவர் அங்கே இல்லை என்று பெயரை நீக்க முடியாது. தற்காலிகமாக வெளியே போவதால் குடியிருப்பு போய்விடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அவருடைய அடுப்பு திருச்செங்கோட்டில் எரிகிறது. உங்களுக்கோ அடுப்பும் கேஸ் புத்தகமும் வேலையும் படுக்கையும் அங்கேரிபாளையத்தில். வருசத்தில் எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தால் எந்த வீட்டுக்குத் திரும்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் ஓட்டு திருப்பூரில்.

மாமனார் கேட்ட 'பாத்தியதை'யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குடும்பம் ஊரைவிட்டு மெள்ள மெள்ள உதிர்கிறது என்ற வருத்தம் அது. வருவாய்த் துறையில் முப்பது வருசத்துக்கு மேல் இருந்து, தேர்தல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பட்டியலில் பெயரை எடுத்தால் பங்கு போய்விடும் என்று நம்பி மேசைக்கு முன்னால் நின்ற பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டா வேறு ஏடு, சிட்டா வேறு ஏடு, வாக்காளர் பட்டியல் வேறு ஏடு. ஒன்றில் பெயர் போனால் மற்றொன்றில் ஒரு சென்ட் நிலம்கூடக் குறையாது. குலதெய்வக் கோயிலுக்குப் புள்ளிக் கணக்கில் வரி வாங்குகிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் எப்போதும்போல் கொடுக்கலாம், பொங்கல் வைக்கலாம். இதை மாமனாருக்கு நீங்கள் சொல்வதைவிட, நான் எழுதியிருக்கிறேன் என்று காட்டி உங்கள் வீட்டுக்காரரே படித்துச் சொல்லட்டும்.

அடுத்து, உங்களைப் பஞ்சாயத்தில் நிறுத்துவது. 1996-இல் உங்கள் பிறந்த ஊரை ஒட்டிய மொடக்குறிச்சியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட மனுப்போட்டு, 1,033 வேட்பாளர்கள் நின்றது உங்கள் அண்ணனுக்கு நினைவிருக்கலாம். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சடிக்க வேண்டி வந்து, தேர்தலையே தள்ளி வைத்தார்கள். சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆகி, மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும் என்பதால் எந்த ஊர்க்காரரும் அங்கே மனுப்போட முடிந்தது. பஞ்சாயத்து அப்படியில்லை. அந்தப் பஞ்சாயத்தின் பட்டியலிலேயே பெயர் இருக்க வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் வார்டு வாரியாகப் பிரிக்கப்படுகிறது. ஆகவே பெயரைத் திருப்பூருக்கு மாற்றினால் அந்த ஊரில் நிற்க முடியாது என்று மாமனார் நினைப்பது சரிதான்.

ஆனால் குடியில்லாத ஊரில் பெயரை வைத்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும். படிவம் 7-ஐக் கொடுத்து உங்கள் பெயருக்கு ஆட்சேபம் சொல்ல அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் போதும். எதிர்த்து நிற்கிறவர்கள் முதலில் தேடி எடுப்பது உங்கள் திருப்பூர் கேஸ் ரசீதாகத்தான் இருக்கும். ஊர் நடுவே விசாரணைக்கு நிற்கப் போவது நீங்கள், அவரல்ல. இன்னொன்றையும் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். கடிதத்தில் மாமனாரின் எண்ணத்தை எழுதினீர்கள். நிற்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால், திருப்பூர் மாநகராட்சியில் 60 வார்டுகள் இருக்கின்றன. உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்பது இங்கேயும் உண்டு. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது என்பதெல்லாம் ஏழு வருசமாக உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்க உங்களுக்கு இப்போது ஓட்டுகூட இல்லாமல் இருக்கிறது.

நான் இதில் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருசங்களுக்கு முன், ஒரு தாலுகா ஆபீசில் இருந்தபோது, நீக்கல் பட்டியல் ஒன்றை நான் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே 'திருமணமாகிச் சென்றுவிட்டார்' என்று இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதை எழுதி வந்திருந்தார்கள். வாக்குப்பதிவு அன்று அந்தப் பெண் கையில் அட்டையோடு வந்து நின்றார். அவர் எங்கும் போகவில்லை. கணவர்தான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்பது விதி. மாலை வாக்குச்சாவடிக் கதவைச் சாத்தும் வரை அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரை நீக்குவதற்கு முன் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது விதியில் இருந்தது. உச்ச நீதிமன்றமும் 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் அதை வலியுறுத்தியிருந்தது. நோட்டீஸ் போனதா என்று நான் பார்க்கவில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையது.

பெண்களின் பெயரை மற்றவர்கள் எழுதுவதும் மற்றவர்கள் அடிப்பதும் இன்று நேற்று வந்ததல்ல. 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல், இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொன்னார்கள். அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படி எழுதிய பதிவுகளை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் விடுபட்டன. அந்தக் கண்டிப்பு பலித்தது, அடுத்தடுத்த தேர்தல்களில் பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லிச் சேர்ந்தார்கள். உங்கள் பெயரை இதுவரை ஒரு பக்கம் அண்ணனும் இன்னொரு பக்கம் மாமனாரும் எழுதியிருக்கிறார்கள். இந்த முறை நீங்கள் எழுதுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கொடுமுடியில் உள்ள பெயரை எடுக்கப் படிவம் 7. அதை மொடக்குறிச்சித் தொகுதிக்குக் கொடுக்க வேண்டும். என் பெயரையே நீக்கக் கேட்கிறேன் என்பதற்கு அதில் இடம் உண்டு. இதை முதலில் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கொடுமுடி முகவரியில் பழைய அட்டை ஏதும் இருந்தால் அதையும் ஒப்படைத்துவிடுங்கள். அடுத்து, வெள்ளகோவிலில் உள்ள பெயரைத் திருப்பூருக்குக் கொண்டுவரப் படிவம் 8. இதைத் திருப்பூர் வடக்கில் கொடுத்தால் போதும், காங்கேயம் பட்டியலில் இருந்து எடுப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். உங்கள் அட்டையின் எண் மாறாது, புது முகவரியோடு அட்டை வரும். வீட்டுக்காரர் பெயரும் வெள்ளகோவிலில்தான் இருக்கிறது என்றால் அவருக்குத் தனியாக ஒரு படிவம் 8. ஆனால் அவர் பெயர் அங்கே இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லாமல் போயின. அதில் பெரும்பங்கு இடம்மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்று குறிக்கப்பட்டவை. அவர் பெயர் எந்த ஊரிலும் இல்லையென்றால் மட்டும் அவருக்குப் படிவம் 6.

வாடகை அக்ரிமெண்ட் இல்லையே என்று கலங்க வேண்டாம். வீட்டு ஓனர்கள் எழுதித் தர யோசிப்பது திருப்பூரில் வழக்கமான கதை. படிவத்துக்குக் கேட்பதே பதிவு செய்த ஒப்பந்தத்தை. பத்திரத்தாளில் சும்மா எழுதியது அந்தக் கணக்கில் வராது. அதற்குப் பதிலாக இந்த முகவரியில் உள்ள ஆதார், பாங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், ஓராண்டாவது ஓடியிருக்கும் கேஸ், தண்ணீர், கரண்ட் ரசீது இவற்றில் ஒன்று போதும். வீட்டுக்காரர் பேரில் உள்ள கேஸ் ரசீதைக் காட்ட நினைத்தால், அவர் அந்த முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக இருக்க வேண்டும். அதனால் அவருடையதை முன்னால் முடியுங்கள். எதுவுமே இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து பார்த்து எழுதினால் போதும். காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். கம்பெனி நேரத்தில் வந்தால் நீங்கள் வீட்டில் இருக்கமாட்டீர்கள் என்பதால், அவர் போன் நம்பரை வாங்கி எப்போது இருப்பீர்கள் என்று சொல்லி வையுங்கள். வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போனதால் மட்டும் தள்ளுபடியான விண்ணப்பங்கள் நிறைய.

எந்தப் படிவத்துக்கும் கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக் கொடுக்கக் காசு கேட்பார்கள். வேண்டாமென்றால் செல்போனில் ஆணையத்தின் செயலியிலேயே போடலாம், தாலுகா ஆபீசின் தேர்தல் பிரிவில் கையால் எழுதியும் கொடுக்கலாம். ஏதும் சந்தேகமென்றால் 1950 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். விண்ணப்பம் வந்த பின் ஆட்சேபம் கேட்க ஏழு நாள் விட வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால், வேட்புமனு கொடுக்கக் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. ஆகவே அதற்குப் பத்து நாளுக்கு முன்னாலேயே கொடுத்திருந்தால்தான் பலன். தேர்தல் தேதி வரட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். தள்ளுபடி செய்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. அங்கேயும் இல்லையென்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.

மகள் விசயம் சுலபம். 1989-க்கு முன் 21 வயது ஆக வேண்டியிருந்தது, 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் 18 ஆனது. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 முடிந்திருந்தால்தான் சேர்ப்பார்கள். ஜனவரி 2-இல் பிறந்த பிள்ளை ஏறக்குறைய ஒரு வருசம் காத்திருக்கும். 2022-இலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாசத்தின் முதல் தேதியும் தகுதி நாள். ஆகஸ்ட் 19-இல் முடிகிறவளுக்கு அக்டோபர் 1. பதினேழு தாண்டியவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழே வயதுக்குப் போதும். ஹாஸ்டலில் இருக்கும் மாணவி ஹாஸ்டல் முகவரியிலும் சேரலாம், பெற்றோர் வீட்டிலும் சேரலாம். ஹாஸ்டல் என்றால் கல்லூரியில் இன்னார் இங்கே படிக்கிறார் என்று சான்று வாங்க வேண்டும். வீட்டு முகவரியில் சேர்ப்பதென்றால் உங்கள் பேரில் உள்ள காகிதமே அவளுக்கும் செல்லும், ஆனால் நீங்கள் அந்த முகவரியில் வாக்காளராகியிருக்க வேண்டும். எங்கே சேர்வது என்பதை அவளிடமே கேளுங்கள்.

ஒடிசாக் குடும்பத்துக்கும் இதே சட்டம்தான். இந்தியக் குடிமக்கள், 18 நிரம்பியவர்கள், இங்கே சாதாரணமாகக் குடியிருக்கிறார்கள் என்றால் இங்கே அவர்களுக்கு ஓட்டு உண்டு. ஊரில் பெயர் இருந்தால் அவர்களுக்கும் படிவம் 8. வெளியூர்க்காரர்களுக்கு இங்கே எதற்கு என்று முணுமுணுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெள்ளகோவிலில் இருந்து வந்த உங்களுக்குத் திருப்பூரில் இடம் கொடுக்கும் அதே 20-ஆவது பிரிவுதான் அவர்களுக்கும் கொடுக்கிறது. அவர்களுக்குத் தமிழில் எழுத வராது. முடிந்தால் படிவம் நிரப்ப உங்கள் மகள் லீவுக்கு வரும்போது உதவட்டும்.

ஓட்டுப் போட வெள்ளகோவிலுக்குப் போய் வந்தால் சம்பளம் போகிறது என்ற கவலையும் உங்களுக்கு இருந்திருக்கும். மக்களவை, சட்டமன்றத் தேர்தல் நாளில் ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும்.

கடைசியாக, படிவம் 7 கொடுக்கும் முன்னால் கொடுமுடி அண்ணனுக்கு நீங்களே போன் பண்ணி விவரம் சொல்லிவிடுங்கள். அலுவலர் அங்கே விசாரிக்கப் போகும்போது, தங்கச்சி பேரை யாரோ அடிக்க வந்திருக்கிறார்கள் என்று பதறி, "இல்லைங்க, எந்தங்கச்சி இங்கதான் இருக்குது" என்று அவர் சொல்லிவிடக் கூடும்.